திரைக்கு முதுகு காட்டி

எங்க மேடம் படம் போட்டா படத்தைப் பார்க்க மாட்டாங்க. திரைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, படம் பார்க்கிற ஜனங்களைப் பார்த்து உட்காருவாங்க. மடியில ஒரு நோட்டு, கையில ஒரு வாட்ச். முதல் தடவை பார்க்கிறவங்களுக்குப் பரீட்சை ஹால்ல காப்பியடிக்கிறவனைப் பிடிக்க உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் ஒன்பது வருஷம் அந்த நோட்டோட மல்லுக்கட்டினேன்.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா, "என்னை எதுக்கு இதுல இழுக்கிறீங்க சார்"னு போன் வரும். என்னைவிட மூணு வயசு சின்னவங்க. ஆனா முதலாளி அவங்கதானே, அதனால நான் மேடம்னு கூப்பிடுவேன். அவங்க என்னை அண்ணான்னு கூப்பிடுவாங்க. கோபம் வந்தா மட்டும் சார். காலையில உள்ள நுழையும்போதே "வாங்க சார்"னு வந்துச்சுன்னா, நான் வெட்டி ஒட்டினதுல ஏதோ ஒண்ணு அவங்களுக்கு ஆகலைன்னு அர்த்தம்.

நான் வேலை கேட்டுப் போனப்போ கம்பெனின்னா பெங்களூர் விவேக் நகர்ல ஒரு பேக்கரி மாடியில ஒரே ரூம். மேடம், ஒரு கேமராக்காரர், ரெண்டு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். நான் கோலார் தங்கவயல், கே.ஜி.எஃப்.காரன். தினமும் ரயில் பிடிச்சு வந்து, கல்யாண வீடியோவும் சீரியலுமா பத்து வருஷம் எடிட் பண்ணினவன். தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. நான் செஞ்ச வேலையில நல்லதாப் பொறுக்கி அஞ்சு நிமிஷத்துக்குத் தொகுத்துக் கொண்டு போயிருந்தேன். அதைப் போட்டா, அந்தம்மா ஸ்கிரீன் பக்கமே திரும்பலை. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னாடி உட்கார்ந்த மாதிரி எனக்குக் கூச்சமாப் போச்சு.

முடிஞ்சதும் கேட்டாங்க. "ரெண்டு இடத்துல நீங்களே ஜன்னல் பக்கம் பார்த்தீங்க. அந்த ரெண்டும் உங்களுது இல்லையா?"

சுருக்குன்னுச்சு எனக்கு. ரெண்டும் கூட வேலை செஞ்ச வேற ஒருத்தன் வெட்டினது. நல்லா வந்திருக்கேன்னு என்னோட கணக்குல சேர்த்துக்கிட்டேன். ஆமான்னு ஒத்துக்கிட்டேன். எழுந்து கிளம்பலாம்னு பையை எடுத்தேன்.

"நாளைக்கு வந்துடுங்க அண்ணா"ன்னாங்க. "வியாழக்கிழமை மட்டும் மெதுவா வாங்க. பக்கத்துக் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல தெருவுல கால் வைக்க முடியாது."

மேடத்துக்கு இந்தப் பழக்கம் வந்தது மல்லேஸ்வரத்துல. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி லேப்ல உதவியாளரா இருந்தாங்க. குடுவை கழுவுறது, ஆசிட் எடுத்துக் கொடுக்கிறது, உடைஞ்சதைக் கூட்டிப் பெருக்குறது. எல்லாப் பிள்ளைங்களுக்கும் பரிசோதனை செய்ய மருந்து பத்தாது. நாலு பேர் செய்வாங்க, மிச்சப் பேர் எட்டிப் பார்ப்பாங்க. அதனால மேடம் யார்கிட்டயோ ஒரு சின்ன கேமராவைக் கடன் வாங்கி, ஒரு பரிசோதனையைப் படம் பிடிச்சு டிவியில போட்டுக் காட்டினாங்க. சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே வந்தா ஒரு சொட்டுல நிறம் மாறும் பாருங்க, அது. காட்டும்போது டிவி மேல வெளிச்சம் படாம ஒரு துணியைப் பிடிச்சுக்கிட்டு இவங்க டிவிக்குப் பின்னாடி நின்னாங்க. அங்கிருந்து பிள்ளைங்க மூஞ்சிதான் தெரிஞ்சது. நிறம் மாறுற அந்த நொடியில ஒருத்தி கண்ணுகூட குடுவை மேல இல்லையாம். எல்லாம் சொட்டு விடுற டீச்சரோட கண்ணாடி வளையல் மேல இருந்துச்சாம். "புது வளையல் மிஸ்"னு ஒரு பிள்ளை பாராட்டு வேற. மறுநாள் வளையலைக் கழட்டச் சொல்லி மறுபடி எடுத்தாங்க. அன்னைக்குத்தான் இந்தக் கம்பெனி ஆரம்பிச்சதுன்னு மேடம் சொல்லுவாங்க. பதிவு பண்ணினது, போர்டு மாட்டினது எல்லாம் அவங்களுக்கு ஞாபகமே இருக்காது.

"படம் என்ன சொல்லுதுன்னு எடுத்த எனக்குத் தெரியாதா? மூஞ்சி என்ன சொல்லுதுன்னுதான் தெரியாது. அதைப் பார்க்கணும்." இதை மாசத்துக்கு நாலு தடவையாவது கேட்டுருவேன்.

எனக்கும் அவங்களுக்கும் முதல் பெரிய சண்டை ஒரு ஏரியை வச்சு வந்துச்சு. பெங்களூர் ஏரிகளைப் பத்தி ஏழாங் கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஒரு பாடப் படம். அதுல ஏரி மேல சூரியன் எழும்புற காட்சி. நாற்பது விநாடி. பனி விலகுது, ஒரு கொக்கு நடக்குது, ஒரு புல்லாங்குழல். ரெண்டு நாள் உட்கார்ந்து அதை இழைச்சேன். என் பொண்டாட்டிகிட்டக்கூட காட்டிப் பெருமை அடிச்சுக்கிட்டேன். அரசுப் பள்ளிக்கூடம் ஒண்ணுல போட்டோம். மேடம் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாங்க. திரும்பி வந்ததும் நோட்டைப் பிரிச்சு என் முன்னாடி வச்சாங்க. "மூணாவது நிமிஷம். ஜன்னலோரப் பெஞ்சு, கொட்டாவி. பக்கத்துப் பையன், கொட்டாவி. கடைசிப் பெஞ்சு, பேனா சண்டை."

"மதியச் சாப்பாடு முடிஞ்சு உட்கார்ந்திருக்காங்க மேடம். சாம்பார் சாதம் தின்னவன் கொட்டாவி விடாம குதிப்பானா?"

"சரி சார். நாளைக்குக் காலையில போடலாம்."

காலையில வேற பள்ளிக்கூடம், வேற பிள்ளைங்க. அதே மூணாவது நிமிஷம், அதே கொட்டாவி. போதாததுக்கு, கேமராக்காரர் தப்பா எடுத்த ஒரு துண்டு இருந்துச்சு, நடுவுல ஒரு தெரு நாய் குறுக்க ஓடி வழுக்கிச் சேத்துல விழும். அதை வெட்ட நான் மறந்துட்டேன். அங்க அத்தனை பிள்ளைங்களும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்களாம். மேடம் என்ன பண்ணினாங்க தெரியுமா? என் சூரியனை அஞ்சு விநாடியாக்கிட்டு, நாயை வச்சுக்கிட்டாங்க. நாய் விழுந்த சேறு எங்கேயிருந்து வருது, எந்தச் சாக்கடை ஏரியில கலக்குதுன்னு பாடம் அங்க ஆரம்பிச்சது. வயிறு எரிஞ்சுச்சு எனக்கு. ஆனா அந்தப் படத்தைத்தான் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சருங்க கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. "நாய் விழுற படம் இருக்காமே"ன்னு போன் பண்ணுவாங்க. கொக்கைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை.

இந்தக் கண்ணை ஆபீஸ்ல கழட்டி வச்சுட்டு வெளிய வரத் தெரியாது அவங்களுக்கு. ஒரு தடவை எங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனேன். என் பொண்டாட்டி சிரிச்ச முகமாத்தான் இலை போட்டா. மேடம் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அவளை நிமிர்ந்து பார்த்து, "அண்ணா உங்ககிட்ட சொல்லாமலே என்னைக் கூட்டிட்டு வந்துட்டாரு, இல்ல?"ன்னாங்க. அவ "ஆமா"ன்னு பட்டுன்னு போட்டு உடைச்சுட்டா. அப்புறம் ரெண்டு பேரும் என்னைத் திட்டிக்கிட்டே பாயசம் குடிச்சாங்க. எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கலை. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு மேடம் வந்தா பாதிப் பேர் அடுத்த வரிசைக்குப் போயிடுவாங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. சொல்லும்போது சிரிப்பாங்க. கொஞ்சம் வருத்தமும் இருக்கும்னு நினைக்கிறேன்.

கம்பெனி வளர்ந்தது இப்படித்தான். நாய் படத்தைப் பார்த்து ஒருத்தர் வந்தாரு, அவர் சொல்லி இன்னொருத்தர் வந்தாரு. பேக்கரி மாடி ரூம் போய், ஒரு முழு மாடி எடுத்தோம். சத்தம் வராத ஒரு ரெக்கார்டிங் அறை கட்டினோம், வியாழக்கிழமையும் கோயில் கூட்டச் சத்தம் இல்லாம குரல் பதிவு பண்ணலாம்னு ஆச்சு. அப்போதான் பெரிய வேலை ஒண்ணு வந்துச்சு. ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. தொழிலாளிங்களுக்குப் பாதுகாப்பைப் பத்திப் பத்துப் படம் வேணும், தமிழ், கன்னடம், இந்தி மூணுலயும். முதல்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்க, பிடிச்சா மிச்சம் ஒன்பதும் உங்களுக்குத்தான்னாங்க. அதை நம்பி நாலு பேரைப் புதுசா சேர்த்தாங்க மேடம். நாலு பேரும் இருந்த வேலையை விட்டுட்டு வந்தவங்க. ஒருத்திக்கு அப்போதான் குழந்தை பிறந்திருந்துச்சு. அந்த ஒன்பது படமும் வரலைன்னா நாலு பேரும் வீட்டுக்குப் போகணும்.

முதல் படம் பிரஸ் மெஷினைப் பத்தி. தகட்டை உள்ள வச்சா மேலேயிருந்து டம்முன்னு இறங்கி அழுத்துற மெஷின். அதுல ரெண்டு விரல் போன ஒரு தொழிலாளியைப் பேச வச்சு எடுத்தோம். வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயசு இருக்கும். தொழிற்சாலைதான் ஆளைக் காட்டிவிட்டுச்சு. கேமராவைப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டி, "என் கவனக்குறைவாலதான் இது நடந்துச்சு, நீங்களாவது கவனமா இருங்க"ன்னாரு. குரல் கொஞ்சம் நடுங்குச்சு. எடிட் பண்ணும்போது அதுல ஒரு விநாடிகூட நான் வெட்டலை. தொழிற்சாலை ஆளுங்களுக்கு அந்தத் துண்டை மட்டும் அனுப்பினோம். இதுதான் படத்தோட உயிருன்னு பதில் வந்துச்சு.

அவங்களுக்கு முழுசாக் காட்டுறதுக்கு முன்னாடி, மேடம் வழக்கப்படி, தொழிலாளிங்க தங்கியிருக்கிற இடத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போட்டோம். ஷெட்டு மாதிரி ஒரு ஹால், முப்பது பேர் இருப்பாங்க. விரல் போன அவரும் வந்து நடுவுல உட்கார்ந்தாரு. படம் ஓடுச்சு. ஒரு கொட்டாவி இல்லை. நான் பின்னாடி நின்னு பார்த்தேன், நிம்மதியா இருந்துச்சு. முடிஞ்சதும் கை தட்டினாங்க. மேடம் மட்டும் நோட்டை மூடாம உட்கார்ந்திருந்தாங்க.

"அண்ணா, அவர் பேசின இடத்துல ஒருத்தரும் திரையைப் பார்க்கலை. முப்பது பேரும் தரையைப் பார்த்தாங்க."

"மனசு கஷ்டமா இருந்திருக்கும் மேடம்."

"கஷ்டம்னா அவரைப் பார்ப்பாங்க. இது வெக்கம்."

போய் அவரைத் தனியாக் கூட்டிட்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தாங்க. மேடம் ஒண்ணும் கேக்கலை, அவரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பாதி டீயில அவரே சொல்லிட்டாரு. அந்த மெஷின்ல கை உள்ள போகாம தடுக்க முன்னாடி ஒரு இரும்புத் தடுப்பு இருக்கும், கார்டுன்னு சொல்லுவாங்க. அது இருந்தா வேலை மெதுவா ஓடும், டார்கெட் வராது. அதனால கழட்டி மூலையில வச்சுட்டாங்க. விரல் போனப்புறம், உன் கவனக்குறைவுன்னு எழுதிக் கொடு, வேலையில வச்சுக்கிறோம்னாங்க. எழுதிக் கொடுத்தாரு. இப்பவும் அதே மெஷின்ல, கார்டு இல்லாமத்தான் நிக்கிறாரு.

"நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது மேடம். ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. படத்தை அப்படியே விட்டுடுங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை."

வண்டியில வரும்போது நானும் அதையேதான் சொன்னேன். அவரே விடச் சொல்றாரு, நமக்கு என்ன, நாலு பேர் பிழைப்பு இருக்குன்னேன். மேடம் நோட்டைப் பிரிச்சாங்க. அப்புறம், "சார், அந்தக் கவனக்குறைவு வரி வரும்போது நீங்க எங்க பார்த்தீங்க?"ன்னு கேட்டாங்க.

நானும் தரையைத்தான் பார்த்தேன். எங்கப்பா தங்கச் சுரங்கம் மூடினப்புறம் இதே ரயில்ல பெங்களூருக்கு வந்து ஒரு பட்டறையில வேலை செஞ்சாரு. கையில சூடு பட்டுக்கிட்டு, கால்ல அடிபட்டுக்கிட்டு வருவாரு. அம்மா கேட்டா, "என் தப்புதான், பார்த்துச் செஞ்சிருக்கணும்"னு சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும் அதேதான் சொல்லுவாரு. மனுஷன் அவ்வளவு கவனமில்லாதவரான்னு அப்போல்லாம் எனக்கு அவர் மேல கோபம்கூட வரும். இதையெல்லாம் மேடத்துகிட்ட சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துடுச்சு, அதை மறைக்கவும் இல்லை.

"பொய்யை நான் மூணு பாஷையில போட மாட்டேன் அண்ணா"ன்னாங்க. "உண்மையைப் போட்டு அவர் சோத்துல மண்ணைப் போடவும் மாட்டேன். அவரை எடுத்துடுங்க. முழுசா எடுத்துடுங்க."

அந்த உயிரை நானே வெட்டி எடுத்தேன். மேடம் வேற ஒரு பட்டறைக்குப் போய், கார்டு போட்ட பிரஸ் மெஷினைப் படம் பிடிச்சுட்டு வந்தாங்க. கார்டு மேல கையை வச்சு, இது எதுக்கு இருக்குன்னு ஒருத்தர் காட்டுறாரு. அப்புறம் ஒரே ஒரு வரி. "கை வைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க, கார்டு இருக்கா? இல்லைன்னா மெஷினை ஓட்டாதீங்க."

தொழிற்சாலையில காட்டப் போனோம். ஏ.சி. ஹால், நீள மேஜை, அஞ்சு அதிகாரிங்க. அதுல வயசான ஒருத்தர்தான் எல்லாருக்கும் பெரியவரு. மேடம் நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் திரைக்குப் பக்கத்துல போட்டு, அவங்களைப் பார்த்து உட்கார்ந்தாங்க. ஸ்கிரீன் சரியாத் தெரியலையா மேடம்னு ஒருத்தர் கன்னடத்துல கேட்டாரு. எனக்கு இப்படித்தான் சார் தெரியும்னு இவங்களும் கன்னடத்துலயே சொன்னாங்க.

படம் முடிஞ்சது. ஆளுங்களைப் பார்த்துக்கிற அதிகாரி முகத்தைச் சுளிச்சாரு. "அந்த விரல் போனவரு எங்க? அதுதானே நல்லா இருந்துச்சு."

"அதைப் போட்டுக் காட்டினப்போ பார்க்கிறவங்க யாரும் திரையைப் பார்க்கலை சார். ஜனங்க பார்க்காததை நான் வைக்கிறதில்லை." இதுல பொய்யும் இல்லை, அவரைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. இதோட வாயை மூடிக்கிட்டு வந்துடலாம்னு பையை மூடினேன். அப்போ மேடம் நோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க.

"எனக்கு ஒரு சந்தேகம் சார். நாலாவது நிமிஷத்துல, கார்டு இருக்கான்னு வந்தப்போ, நீங்க நாலு பேரும் ஏன் இவரைத் திரும்பிப் பார்த்தீங்க?"

இவருன்னு அவங்க கை காட்டினது உற்பத்தியைப் பார்த்துக்கிற மேனேஜரை. மூடின பையை நான் மடியில இழுத்து வச்சுக்கிட்டேன். மேனேஜர் தண்ணி குடிச்சாரு. "சர்வீஸுக்காகச் சில மெஷின்ல கழட்டி வச்சிருக்கோம்"னாரு.

"எத்தனை மாசமா?" இதைக் கேட்டது மேடம் இல்லை. அந்த வயசான பெரியவரு.

எங்களை வெளிய இருக்கச் சொன்னாங்க. அப்புறம், பார்த்துச் சொல்றோம், கிளம்புங்கன்னாங்க. வண்டியில ஏறினதும் நான் பிடிச்சுக்கிட்டேன். "வாய் சும்மா இருக்காதா உங்களுக்கு? நாலு பேர் வீட்டுல அடுப்பு எரியணும்னு கொஞ்சமாவது நினைச்சீங்களா?" முதலாளின்னுகூடப் பார்க்கலை, கண்டபடி பேசிட்டேன். மேடம் நோட்டை மூடிப் பைக்குள்ள வச்சாங்க. "பயமா இருக்கு அண்ணா"ன்னாங்க. ஒன்பது வருஷத்துல அந்த வார்த்தையை அவங்க வாயில அன்னைக்கு மட்டும்தான் கேட்டேன்.

மறுநாள் நாலு பேரையும் உட்கார வச்சு நடந்ததை மறைக்காம சொன்னாங்க. குழந்தைக்காரி, "வேற இடம் பார்க்கட்டுமா மேடம்"னு கேட்டா. "பாருங்க, தப்பே இல்லை. ஆனா மூணு வாரம் பொறுங்க"ன்னாங்க. யாரும் போகலை. மூணாவது வாரம் தொழிற்சாலைக் கடிதம் வந்துச்சு. ஒன்பது இல்லை, அஞ்சு படம் கொடுத்தாங்க. முதல் படத்துல ஒரு வார்த்தையையும் மாத்த வேண்டாம்னு அந்தப் பெரியவர் கையெழுத்துப் போட்டிருந்தாரு. அஞ்சை வச்சு நாலு பேரும் தங்கினாங்க. அப்புறம் வந்த வேலையில கம்பெனி இன்னும் பெருசாச்சு. நான் விலகி வந்து சொந்தமா எடிட்டிங் ஸ்டூடியோ வச்சப்போ அங்க பதினேழு பேர்.

கடிதம் வந்து பத்து நாள் கழிச்சு, மேடம் போனுக்கு அந்த வேலூர்க்காரர் கூப்பிட்டாரு. நானும் கேக்கணும்னு ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"மேடம், இன்னைக்குக் காலையில நம்ம மெஷின்ல கார்டு போட்டுட்டாங்க. மேனேஜரே பக்கத்துல நின்னு போட வச்சாரு."

மேடம் நாற்காலி நுனிக்கு வந்துட்டாங்க. "போடும்போது அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சியை யாரு மேடம் பார்த்தா? நான் கார்டைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். மிச்சம் எட்டு விரல் இருக்குல்ல."